ஆற்றங்காட்டில் மாமாவுக்கு வைத்த பரீட்சை

தினமும் இரண்டு மைல் நடக்கச் சொல்லி எனக்கும் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் வயதுக்காரர்கள் எல்லோரிடமும் அந்தச் சீட்டு இருக்கும். நான் நடப்பதில்லை. பேத்தமங்கலம் ஏரிக்கு மேலே, பாலாறு வந்து சேருகிற தாழ்ந்த காட்டில், குடும்பம் குடும்பமாக நடந்துவிட்டு வரப் பாதையைச் சீர் செய்திருக்கிறார்களாம். என்னோடு பள்ளியில் வேலை பார்த்தவர்கள் போன மாதம் பஸ் பேசிக்கொண்டு போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அவர்களுடைய அனுமதி விண்ணப்பத்தில் ஐந்து பிழைகள் இருந்தன. திருத்தி எழுதிக் கொடுத்தேன். கூடப் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தலைமையாசிரியையாக இருந்தவளிடம் காரணம் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை. அவர்கள் கேட்காததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏரித் தண்ணீர் குழாய் வழியாக எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்கு வந்து அதிக நாளாகவில்லை. சுரங்கத்துக்கு ஏரி வேண்டும், ஏரிக்குக் காடு வேண்டும் என்று யாரோ மேலே எழுதிக் காட்டியிருக்க வேண்டும். அதுவரை யார் வேண்டுமானாலும் வெட்டிய மரங்களுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. சர்க்கார் அதைக் காப்புக்காடு என்று அறிவித்து, வாசலில் ஒரு தகரப் பலகையை நட்டு, அதன் கீழே ஒரு ஃபாரஸ்ட் கார்டை உட்கார வைத்தது. விதிகள் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருந்தன. அப்பாவுக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. கார்டு வாயால் சொல்வார்: கோடாலி கூடாது, நெருப்பு கூடாது, மாடு கூடாது, ஓர் இலையைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. மனிதர்கள் நடக்கலாமா என்று பலகையில் ஒன்றும் எழுதவில்லை. ஆகையால் நடந்தோம்.

அந்த மழைக்காலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் காய்ச்சல். எங்கள் சுரங்கத்து மருத்துவமனையில் கட்டுப்போடுகிற டிரஸ்ஸர், பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல காற்றுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். சட்டை போட்ட ஒருவர் சொன்னால் அப்பாவுக்குப் போதும். விடிவதற்கு முன் மாட்டுவண்டியில் ஏறினால் வெயில் வரும் நேரத்துக்குக் காட்டு வாசலில் இருப்போம். அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான என் அத்தை, நான், நாலு வயதுத் தம்பி, அம்மாவின் தம்பியான மாமா. அவர் என் அப்பாவை மாமா என்பார், நான் அவரை மாமா என்பேன். வண்டிக்குள்ளிருந்து யாராவது மாமா என்றால் இரண்டு பேரும் திரும்புவார்கள்.

காட்டின் முதல் விசேஷம் அதன் அமைதி. மில்லில் கல்லிடிக்கும் உலக்கைகளின் சத்தத்தில் பிறந்து அந்தச் சத்தத்தில் தூங்கியவர்கள் நாங்கள். அது நின்றால் கீழே சுரங்கத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று பெண்கள் தெருவுக்கு ஓடி வருவார்கள். முதல் ஞாயிறு காட்டுக்குள் பத்தடி போனதும் தம்பி அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மில்லு ஏன் நின்றுபோச்சு என்று அழுதான். அம்மாவும் நின்றுவிட்டாள். அப்பா அவளைத் தேற்றி நடக்க வைக்க வேண்டியிருந்தது.

ஐப்பசியில் ஒரு வெள்ளம் வந்து வடிந்திருந்தது. தரை முழுவதும் வண்டல், தோசைக்கல்லில் காய்ந்த மாவுபோல விளிம்பு தூக்கி வெடித்திருந்தது. மிதித்தால் மேலே நொறுங்கும், அடியில் குளிரும். நண்டு வளைகள், ஈச்சம்புதர்கள், பால் நிறப் பட்டையோடு பெரிய மருத மரங்கள். எங்கள் தலைக்கு மேலே, கிளைகளின் கவட்டில், வெள்ளம் கொண்டுவந்து செருகிய வைக்கோலும் கந்தலும் தொங்கின. ஒரு தடவை ஒற்றைச் செருப்பு. அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு போனதில் எனக்குக் கழுத்து வலித்தது.

வெளியே வரும்போது கார்டு கூடையைச் சோதிக்க வேண்டும் என்று நிறுத்தினார். மாமா இரண்டு கையையும் மேலே தூக்கி, வாயை அகலத் திறந்துகொண்டு நின்றார். சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவன் தங்கத் துணுக்கு எதையும் ஒளித்துக் கொண்டுவரவில்லை என்று காட்டத் தினமும் அப்படித்தான் நிற்க வேண்டும். பழக்கம். கார்டு பயந்து ஒரு அடி பின்னால் போனார். "மரத்த வாயில வெச்சிக்கினு போறேனான்னு பாத்துக்கோ சாமி" என்று மாமா சொன்னதும் அத்தைகூடச் சிரித்துவிட்டாள். அத்தை சிரிப்பது வழக்கமில்லை.

அதே ஞாயிறு தம்பி அரைமணி நேரம் காணாமல்போய் ஒரு புதருக்குள் தூங்கிக் கிடைத்தான். அதற்குப் பிறகுதான் அப்பா பில்லைகளைக் கொண்டுவந்தார். நம்மில் சுரங்கத்துப் பிள்ளைகளாக இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். கீழே இறங்கும் ஒவ்வொருவனும் தன் எண் போட்ட பித்தளைப் பில்லையை வாசலில் உள்ள பலகையில் மாட்டிவிட்டுப் போவான். மேலே வந்ததும் எடுத்துக்கொள்வான். பலகையில் பில்லை இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். அப்பாதான் அந்தப் பலகைக்குக் காவல். ஆளைப் பார்க்காதே, பலகையைப் பார் என்பது அவருடைய வேதம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஆறு பில்லை செய்து, ஆணியால் எண் கீறி, ஒரு பலகைத் துண்டை வாசல் மருதமரத்தில் கட்டிவிட்டார். குடும்பம் முழுவதும் காட்டுக்குள் ஷிப்டுக்குப் போவதுபோல வரிசையில் நின்று மாட்டிவிட்டு உள்ளே போனோம். எங்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. வேறு எப்படித்தான் ஓர் இடத்துக்குள் நுழைவது?

மாமாவுக்கு இருபத்திரண்டு வயது. குடியாத்தம் பக்கத்திலிருந்து அப்பாதான் கூட்டி வந்து வேலையில் சேர்த்தார். கீழே பாறையில் துளை போடும் மிஷினில் வேலை. ஷிப்டு முடிந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வரும்போது கல்தூசியில் புருவம்கூட வெளுத்திருக்கும். ஆறு மாதமாக இருமல். டிரஸ்ஸர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, ஒரு பாட்டில் மருந்து கொடுத்து, வேலைக்குத் தகுதி என்று எழுதிவிட்டார். காட்டில் நடக்கும்போது மாமா எப்போதும் கடைசி. அங்கங்கே உட்கார்ந்துவிடுவார். சோம்பேறி என்பது அத்தையின் தீர்ப்பு. "சோறு துன்றப்போ வராத இருமல் கேஜ்ல ஏறணும்னா மட்டும் வருது" என்பாள். சோற்றில் தூசி இல்லையே அக்கா என்று மாமா பதில் சொல்வார்.

கார்த்திகையில் மேலே மரக்கிடங்கில் ஓர் ஆள் தேவைப்பட்டது. சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்கும் மரங்களை அடுக்கி, எண்ணிக் கொடுக்கிற வேலை. தூசி இல்லை, கேஜ் இல்லை. அப்பா மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் மாமாவுக்குக் கிடைக்கும். அம்மா அப்பாவைக் கேட்டாள். அப்போது அவள் ஏழு மாத கர்ப்பம், அதிகம் எதுவும் கேட்கிறவளும் இல்லை. அப்பா யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை, நியாயமானவர். சிக்கலே அதுதான். டிரஸ்ஸர் தகுதி என்று எழுதியவனை, மச்சான் என்பதற்காக மேலே மாற்றச் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. காரணம் ஒன்று கையில் வேண்டும். ஆகவே ஒரு பரீட்சை வைத்தார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் வைத்துத்தான் சொன்னார்.

"வர்ற ஞாயிறு காட்டுல ஒரு சுத்து. புள்ளைங்க நடக்கற நடைதான். ஒரு மணி நேரம். அதுக்குள்ள உன் பில்லை பலகையிலேர்ந்து எறங்கிச்சின்னா நீ ஷிப்டுக்குப் போற. எறங்கலன்னா திங்கக்கெழம மேஸ்திரிகிட்ட நானே போய் நிக்கறேன்."

அத்தை உடனே, அவன் வேண்டுமென்றே உட்கார்ந்துகொள்வான் என்றாள். மாமா அவளைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "ஏமாத்த மாட்டேன் மாமா. முடிஞ்ச வரைக்கும் நடப்பேன்" என்றார்.

இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள வழி வைக்காமல், முழுவதையும் கேட்டேன். ஆனால் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் முதல் இடத்தில் இருந்த பெண் நான். பரீட்சை என்று வைத்தால் தேற வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வகுப்பில் பெண்களுக்கு மரியாதை அவரவர் வீட்டு ஆண்களின் வேலையைப் பொறுத்தது. மிஷின்காரர் வீட்டுப் பெண் முன்வரிசை. மரக்கிடங்கில் வேலை செய்தவர்கள் விரல் போனவர்கள், கிழவர்கள். என் மாமா அங்கே போவதா?

அந்த ஞாயிறு அம்மா நடக்கவில்லை. சாலையோரப் புளியமரத்தடியில் வண்டிக்குப் பக்கத்தில் அவளும் அத்தையும் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பில்லைகள் மாட்டப்பட்டன. அப்பா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நான் கொஞ்ச தூரம் அவரோடு போய், பின்தங்கி, மாமாவோடு சேர்ந்துகொண்டேன்.

மாமா நேர்மையாக நடந்தார். அதை நான் யாருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி நடந்தார். முதல் தடவை உட்கார்ந்தபோது வேடிக்கையாகப் பேசினார். கிளையில் தொங்கிய வைக்கோலைக் காட்டி, தண்ணீர் வந்த உயரத்தைப் பார் என்றார். அந்த நேரத்தில் இங்கே நின்றிருந்தால் நாம் முழுகிவிடுவோமா என்று கேட்டேன். தான் முழுகிவிடுவதாகவும், என்னைத் தோளில் வைத்துக்கொண்டால் நான் முழுக மாட்டேன் என்றும் கணக்குப் போட்டுச் சொன்னார். இரண்டாம் தடவை உட்கார்ந்தபோது பேசவில்லை. மூன்றாம் தடவை மருதமர வேர் ஒன்றில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "பாப்பா, இங்க மில்லு ஓடுது. காத வெச்சிப் பாரு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வைத்துப் பார்த்தேன். உள்ளே யாரோ மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். டிரஸ்ஸரின் குழாயில் கேட்காதது என் காதில் கேட்டது. அதைப் பதிவு செய்ய என்னிடம் புத்தகம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, நீ போ, நான் வருகிறேன் என்றார். ஓடினேன். வண்டல் காலுக்கடியில் நொறுங்க நொறுங்க, ஒரே மூச்சில் வாசலுக்கு வந்தேன். அப்பாவும் தம்பியும் முன்பே வந்து, தங்கள் பில்லைகளை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போயிருந்தார்கள். பலகையில் இரண்டு மிச்சம். என்னுடையதை எடுத்தேன். பிறகு மாமாவுடையதையும் எடுத்தேன். கார்டு பார்த்துக்கொண்டிருந்தார், சிரித்தார். வெளியே போகிற கூடையில் இலை இருக்கக் கூடாது என்பது அவர் விதி. ஆள் உள்ளே இருக்கிறாரா என்பது அவருடைய புத்தகத்தில் இல்லை.

அப்பா கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பலகையைப் பார்த்தார். மாமா எங்கே என்று கேட்டார். வந்துவிட்டார், ஆற்றில் குளிக்கப் போயிருக்கிறார் என்றேன். அப்பா பலகையை இன்னொரு தடவை பார்த்தார். அந்த முகத்தை அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. மாமா தேறியதில் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெறும் ஆணியை விரலால் தடவிவிட்டு, சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி மெதுவாக நடந்தார். முப்பத்தைந்து வருடம் பரீட்சை நடத்திய பிறகு இப்போது எனக்குத் தெரிகிறது. பையன் தோற்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு கேள்வித்தாள் எழுதியவருடைய முகம் அது. அவருக்கும் ஒரு காரணம்தான் தேவைப்பட்டிருந்தது. நான் அதைப் பலகையிலிருந்து கழற்றிவிட்டேன்.

மாமா வர இன்னும் அரைமணி நேரம் ஆயிற்று. உதடு நீலமாக இருந்தது. பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என் பில்லை எங்க பாப்பா?"

"நான் எடுத்துட்டேன். நீ பாஸாயிட்ட மாமா."

அவர் தரையில் உட்கார்ந்தார். நான் கையை விரித்து இரண்டு தகர வட்டங்களையும் காட்டினேன்.

"அப்பாகிட்ட இன்னா சொன்ன?"

"ஆத்துல குளிக்கறேன்னு."

தூரத்தில் அத்தை தம்பியை அதட்டும் சத்தம் கேட்டது. அப்பாவின் கை எப்படிப்பட்டது என்று மாமாவுக்குத் தெரியும். பலகையில் பொய் சொன்னவனை அவர் என்ன செய்வார் என்பதும் தெரியும். பொய் சொன்னது மகளாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

"சரி, உடு" என்றார். "யார்கிட்டயும் சொல்லாத. அடி பின்னிடுவாரு."

எழுந்து ஆற்றுப் பக்கம் போனார். குனிந்து தலையை மட்டும் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தார். முடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வண்டிக்குப் போனார். நான் பின்னாலேயே, பெருமையோடு போனேன். நடக்க முடிகிறது இல்லையா என்று அத்தை கேட்டாள். முடியுது அக்கா என்றார் மாமா. நாளைக்குக் காலை ஷிப்டு என்று அப்பா சொன்னார். அம்மா சோறு போட்டுக்கொண்டே மாமாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

மரக்கிடங்கு வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவரை நான் பிற்காலத்தில் பார்த்தேன். வெள்ளைத் தாடியோடு, நல்ல குரலோடு, தன் பேத்தியை என் பள்ளியில் சேர்க்க வந்தார். பிறப்புச் சான்று இல்லை. நான் கேட்கவுமில்லை. என் உத்தியோகத்தில் நான் மீறிய விதி அது ஒன்றுதான்.

மாமா அடுத்த மழைக்காலம் வரை கீழே போனார். பிறகு இரத்தமாக இருமி, குடியாத்தம் பக்கம் தன் ஊருக்குத் திரும்பிப் போனார். தைப் பொங்கல் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. லைனில் எனக்குத்தான் நன்றாகப் படிக்கத் தெரியும் என்பதால், நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

இன்று அந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது. நெஞ்சைப் படமெடுத்து, கல்தூசி எந்த அளவில் படிந்திருக்கிறது என்று எழுதித் தருகிறார்கள். ஓய்வுபெற்ற மிஷின்காரர்கள் அந்தப் படிவங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பிழையில்லாமல் நிரப்பிக் கொடுக்கிறேன். மூச்சு வாங்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேட்கும் இடத்துக்கு வந்ததும், அவர்களையே சொல்லச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

அப்பா அந்தக் காட்டைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. பலகையைத் தவறாக நம்பினோம் என்பது தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அம்மா நெடுநாள் இருந்தாள். என் வீட்டில்தான் இருந்தாள். வருடத்துக்கு ஒரு முறை, போனவர்களுக்குப் படையல் போடுவாள். அப்பாவுக்கு ஓர் இலை, தன் அப்பா அம்மாவுக்கு ஓர் இலை, அத்தைக்குக்கூட ஓர் இலை. மாமாவுக்கு மட்டும் போட மாட்டாள். நான் கேட்டதில்லை. நான் கேட்க மாட்டேன் என்பதை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். ஒரு வருடம், அவளுக்கு எழுபது வயதுக்கு மேல், இலை நறுக்கிக்கொண்டே தானாகச் சொன்னாள்.

"அன்னிக்கு அவன் குளிக்கவே இல்ல. தல நனைஞ்சிகினு இருந்துச்சி, துணி காஞ்சி கெடந்துச்சி. பில்லைய எப்பிடியோ எடுத்துட்டு வந்து உங்கப்பாவ ஏமாத்திட்டான். மிஷின் வேலதான் பெரிசுன்னு கெத்து. நான் வாய் தொறந்து கேட்ட வேலைய வேணாம்னு உதறிட்டு, அவனே போயி வுழுந்தான்."

முழங்காலில் இலையை விரித்துத் துடைத்தாள். அத்தனை வருடங்களாக அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஏமாற்ற மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடி நடந்த ஒரே ஆளை ஏமாற்றுக்காரன் என்று நினைத்து, அவனுக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் இருந்திருக்கிறாள். எனக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. என்னை அடிக்க யாரும் இல்லை. உண்மையைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும், அது எந்தப் படிவமும் தேவைப்படாத வேலை.

"அப்பிடித்தான் இருக்கும்மா" என்றேன்.

அம்மா போன பிறகு படையல் என் பொறுப்பாயிற்று. மாமாவுக்கும் இலை போடுகிறேன். எந்த இலையில் எதை முதலில் வைக்க வேண்டும், எந்தப் பக்கம் நுனி இருக்க வேண்டும், எத்தனை முறை தண்ணீர் சுற்ற வேண்டும் என்று எல்லாம் எனக்குத் தெரியும். அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் அவர் இலையைப் போடுவதா, தள்ளிப் போடுவதா என்பதற்கு மட்டும் விதி தெரியாமல், ஒவ்வொரு வருடமும் அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.